ஷேன் வார்னே மகாத்மியம்: ஸ்ரீவி–ராஜை பதிப்பு

கிரிக்கெட் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லண்டனில் உட்கார்ந்து எழுதினால் எல்லாமே இங்கிலாந்தில் நடந்ததாக எழுதிவிடுவார்கள். ஷேன் வார்னே விஷயத்திலும் அதுதான் நடந்தது. 1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்டு, மைக் கேட்டிங், நூற்றாண்டின் பந்து என்று ஆரம்பித்து அங்கேயே மங்களம் பாடிவிடுகிறார்கள். மதுரை–தென்காசி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களில் வார்னேவுக்கு என்ன மரியாதை இருந்தது, அவரை நம்பி எத்தனை பேர் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் குறையை யாராவது தீர்க்க வேண்டாமா?

முதலில் ஊர் நிலவரம். ஸ்ரீவி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜை என்றால் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் ஆண்டாள் இருக்கிறாள், பெரிய தேர் இருக்கிறது, பால்கோவா இருக்கிறது. பதினோரு நிலைக் கோபுரம் அரசு முத்திரையிலேயே இருப்பதால், தமிழ்நாடு அரசு அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் தங்களைக் கேட்டுத்தான் போகிறது என்ற நினைப்பும் இருக்கிறது. (மதுரைக்காரர்கள் அது எங்கள் கோபுரம் என்பார்கள். அது தனிச் சண்டை.) ராஜபாளையத்துக்காரர்களிடம் மில் உண்டு, பேண்டேஜ் துணி உண்டு, சப்பட்டை மாம்பழம் உண்டு, வெள்ளை நாய் உண்டு. சென்னை மாகாணத்துக்கே முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவும் உண்டு. இரண்டு ஊரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. கார்க் பால் மேட்ச் என்றால் அம்பயர் எந்த ஊர் என்பதிலேயே பாதி நாள் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் இருபது முப்பது வருஷம் சண்டை போடாமல் ரசித்த ஒரே ஆசாமி, நம் அணியை எதிர்த்து ஆடிய ஒரு வெள்ளைக்காரர். தலைமுடிக்குச் சாயம் பூசி, காதில் கடுக்கன் போட்டு, சிகரெட்டை அணைத்துவிட்டு மைதானத்துக்குள் வந்தவர்.

அவதாரக் கதை அவ்வளவு விசேஷமில்லை. 1969 செப்டம்பர் 13இல் மெல்போர்னில் பிறந்தார். ஆசை எல்லாம் ஃபுட்பால் மேல். அதுவும் அவர்கள் ஊர் முட்டைப் பந்து ஃபுட்பால். செயின்ட் கில்டா கிளப் ‘நீ வேண்டாம் தம்பி’ என்று அனுப்பிவிட்டது. அடிலெய்டு கிரிக்கெட் அகாடமிக்குப் போனார். ஒழுங்கு போதாது என்று அங்கேயும் நிலைக்கவில்லை. குருவாக வாய்த்தவர் டெர்ரி ஜென்னர். பழைய டெஸ்ட் லெக் ஸ்பின்னர், பணத்தைக் கையாடிய வழக்கில் உள்ளே போய்வந்தவர். நம் புராணங்களில் குருவைத் தேடிச் சீடன் வனத்துக்குப் போவான். இங்கே குரு சிறையிலிருந்து சீடனிடம் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒருவருக்கொருவர் ஒழுக்கம் போதிக்கும் யோக்கியதை இல்லாததால், பந்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். அதனால்தான் வித்தை உருப்பட்டது.

முதல் டெஸ்ட் நம்மோடுதான். 1992 ஜனவரி 2, சிட்னி. எங்கள் பக்கம் அது மார்கழி. சிட்னியில் ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடிகாலை ஐந்தரை. ஸ்ரீவியில் ஒலிபெருக்கி திருப்பாவை பாடிக்கொண்டிருக்க, போர்வைக்குள் ரேடியோவைக் காதில் வைத்திருந்தார்கள் பக்தர்கள். ஆண்டாள் எழுப்பிவிட்டவர்களையெல்லாம் ரவி சாஸ்திரி மறுபடி தூங்க வைத்தார். அவர் 206 அடித்தார். பதினெட்டு வயசு டெண்டுல்கர் 148 அடித்து அவுட்டாகாமல் நின்றார். புதுப் பையன் வார்னே 45 ஓவர் போட்டு 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். எந்த விக்கெட்? 206 அடித்துக் களைத்துப்போன சாஸ்திரி. ‘குண்டா ஒரு பய புதுசா வந்திருக்கான், ரெண்டு மேட்ச் தாங்க மாட்டான்’ என்று ராஜபாளையம் தீர்ப்பு எழுதியது. ஸ்ரீவி அபூர்வமாக அதை ஆமோதித்தது.

அதே வருஷம் ஆகஸ்டில் கொழும்பு டெஸ்ட். இலங்கைக்கு 181 வேண்டும்; 127க்கு இரண்டு விக்கெட்தான் போயிருந்தது. தென்மாவட்டங்களில் ஆன்டெனாவைத் திருப்பி ரூபவாஹினி பிடிக்கத் தெரிந்த வீடுகள் உண்டு. அங்கே இலங்கை ஜெயித்தாகிவிட்டது என்று எழுந்து போனவர்கள், திரும்பி வந்து பார்த்தபோது இலங்கை 164க்கு ஆல் அவுட். கடைசி மூன்று விக்கெட்டை ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எடுத்தவர் அந்தக் குண்டுப் பய. தீர்ப்பைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

பிறகு கேட்டிங் பந்து. அதை நேரில் வர்ணித்தவர் ரிச்சி பெனோ. அவரே லெக் ஸ்பின்னர். 1956இல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் 72 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து நம்மைக் கதறவிட்ட புண்ணியவான். ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பந்தை முதலில் பார்த்தது பேப்பரில், கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக. ஸ்ரீவியில் 1875இலிருந்து பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே அந்தப் பக்கத்தைச் சுற்றி நின்றவர்கள் புகைப்படத்திலிருந்தே லெக் பிரேக் கற்றுக்கொள்ள முயன்றார்கள். படத்தில் இருந்ததோ கேட்டிங்கின் முழித்த முகம். முகத்தைப் பார்த்து மணிக்கட்டைக் கற்றுக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். விளைவு: அந்த ஜூன் மாதம் முழுக்கப் பந்து லெக் சைடில் விழுந்து, லெக் சைடிலேயே திரும்பி, லெக் சைடு வீட்டு ஓட்டை உடைத்தது.

விஷயத்தை ஒழுங்காக விளக்கியவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த பெரியப்பா. ஷிஃப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு டீக்கடைக்கு வருவார். பையில் எப்போதும் ஒரு காலி பாபின் இருக்கும். அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“நூலுக்கு ரெண்டு முறுக்கு உண்டுடா. ஒண்ணு இசட் முறுக்கு, இன்னொண்ணு எஸ் முறுக்கு. எங்க மில்லுல ஓடுறது பூரா இசட்டு. எஸ்ஸு வேணும்னா தனி ஆர்டர். மெஷினையே மாத்திச் சுத்த விடணும். ஆஃப் ஸ்பின் போடுறவன் ஊருக்கு நாலு பேரு இருப்பான். இந்தப் பய தனி ஆர்டர்.”

“அது சரி பெரியப்பா, பந்து எதுக்கு முதல்ல உள்ள போயிட்டு அப்புறம் வெளிய வருது?”

“முறுக்கு ஏத்தி விட்டா எதுவும் நேரா போகாது. காத்துல ஒரு பக்கமா இழுபடும், கீழ விழுந்ததும் வாங்கின முறுக்கத் திருப்பிக் கொடுக்கும். அவன் மத்தவங்களவிட ரெண்டு முறுக்கு கூட ஏத்துறான். அறுந்துராம ஏத்துறான் பாரு, அதுதான் தொழில்.”

உலகத்தில் உள்ள விஞ்ஞானிகள் பந்தின் சுழற்சி, காற்றழுத்தம், கோணம் என்று படம் வரைந்து பிறகு சொன்னதும் இதுதான். பெரியப்பா டீக்கடையில் சொன்னதால் அதற்கு ஆராய்ச்சிப் பட்டம் கிடைக்கவில்லை.

இனி சேப்பாக்கம் படலம். 1998 மார்ச் 6, சென்னை டெஸ்ட். வார்னே வருகிறார் என்றதும் டெண்டுல்கர் செய்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். நம்மூர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு, லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச்சைச் சுரண்டிவிட்டு, அந்தப் பள்ளத்தில் போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் இவ்வளவு ஒத்திகையா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் இன்னிங்ஸில் வந்தார், ஒரு நாலு அடித்தார், அடுத்து இறங்கி வந்து தூக்கினார். ஸ்லிப்பில் மார்க் டெய்லர் கையில் பந்து. ஸ்கோர் 4.

ராஜபாளையத்தில் ஒரு டிவி கடை வாசலில் அன்று நின்ற கூட்டத்தில் இழவு வீட்டு அமைதி. கடைக்கார அண்ணாச்சி உள்ளேயிருந்து சொன்னார்: “ஏ, டிவிய அமத்துப்பா. யாவாரத்தைப் பார்ப்போம்.”

“அண்ணாச்சி, இன்னொரு இன்னிங்ஸ் இருக்குல்ல?”

“இருக்கட்டும். அவன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். நீ இன்ஸ்டால்மென்ட் கட்டிட்டியா, அதச் சொல்லு.”

இரண்டாவது இன்னிங்ஸில் ‘அவன்’ பண்ணியது அவுட்டாகாமல் 155. பள்ளத்தில் விழுந்த பந்தெல்லாம் மிட்விக்கெட் பக்கம் பறந்தது. சித்து வேறு இரண்டு இன்னிங்ஸிலும் இறங்கி இறங்கி அடித்தார். அந்த இரண்டாவது இன்னிங்ஸில் வார்னேவின் கணக்கு: 122 ரன், ஒரு விக்கெட். இந்தியா 179 ரன்னில் வெற்றி. கடன்காரர்கள் எல்லோரும் அண்ணாச்சி கடை வாசலிலேயே ஆடினார்கள். ஒருத்தரும் இன்ஸ்டால்மென்ட் கட்டவில்லை.

அடுத்து கல்கத்தாவில் 147 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் இல்லை. ஏப்ரலில் ஷார்ஜா. கனவில் எல்லாம் டெண்டுல்கர் இறங்கி வந்து தலைக்கு மேல் அடிக்கிறார் என்று வார்னே தமாஷாகச் சொல்லப்போக, நம்மவர்கள் அதைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொண்டு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இந்தியப் பயணத்தில்தான் பீன்ஸ் விவகாரம். இந்தியச் சாப்பாடு சேரவில்லை என்று ஆஸ்திரேலியாவிலிருந்து டின் டின்னாக வேகவைத்த பீன்ஸும் ஸ்பகெட்டியும் வரவழைத்தார். மேட்ச் தோற்றதைக்கூட எங்கள் ஆட்கள் மன்னித்தார்கள், இதை மன்னிக்கவில்லை. கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் விருதுநகர் எண்ணெய் பரோட்டா இருக்கிறது, சால்னா இருக்கிறது, முடித்து ஸ்ரீவி பால்கோவா இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு டப்பாவைத் திறந்து அவரைக்கொட்டை தின்றவன் எப்படி டெண்டுல்கரை அவுட்டாக்குவான் என்பது இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிய ஆய்வறிக்கை.

2001இல் மறுபடி வந்தார். கொல்கத்தாவில் வி.வி.எஸ். லட்சுமண் 281 அடித்தார். பள்ளத்தில் விழுந்த பந்தை இறங்கி வந்து கவர் பக்கம் அடித்ததைப் பார்த்துப் பெரியப்பா, “முறுக்கு அறுந்துருச்சு” என்று சுருக்கமாக அஞ்சலி செலுத்தினார். சென்னையில் ஹர்பஜன் 15 விக்கெட் எடுக்க, இந்தியா இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து ஜெயித்தது. அதே வருஷம் பெர்த்தில், நியூசிலாந்துக்கு எதிராக வார்னே 99இல் நின்றுகொண்டு, ஒரு ரன் எடுத்தால் சதம் என்ற நிலையில் தூக்கி அடித்து கேட்ச் கொடுத்தார். அந்தப் பந்து நோ பால் என்பது எல்லாம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. டெஸ்டில் 3154 ரன் எடுத்தும் சதம் இல்லாமலே போனார். எவ்வளவு பெரிய திருட்டு முழிக்காரனுக்கும் ஒரு நாள் அநியாயம் நடக்கும் என்பதற்கு அது சான்று.

லீலைகளைச் சொல்லாவிட்டால் மகாத்மியம் முழுமையாகாது. 1994இல் கொழும்பில் ‘ஜான்’ என்று ஒரு சூதாட்டத் தரகர் ஐயாயிரம் டாலர் கொடுத்தார். பிட்ச், வானிலை பற்றி அவ்வப்போது சொன்னால் போதுமாம். சூதாட்ட விடுதியில் விட்ட பணத்துக்கு ஈடாக வார்னே வாங்கிக்கொண்டார். அவருடைய வாரியம் ரகசியமாக அபராதம் போட்டு மூடிவைத்தது 1998 டிசம்பரில் வெளியே வந்தது. வானிலை சொல்ல ஐயாயிரம் டாலரா என்று எங்கள் பக்கம் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் வயிறெரிந்தார்கள்.

2003 பிப்ரவரி, உலகக் கோப்பைக்கு முன்னால், தடை செய்யப்பட்ட மாத்திரை. எடை குறைவதற்காக என் அம்மா கொடுத்தார், சாப்பிட்டேன் என்றார். ஓராண்டுத் தடை. வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழ்நாட்டில் யாரும் சிரிக்கவில்லை. 2003இல் இங்கே ‘அம்மா சொன்னார், செய்தேன்’ என்பது அமைச்சரவையே ஏற்றுக்கொண்ட விளக்கம். இதில் கொடுமை என்னவென்றால், அவர் இல்லாமலேயே ஆஸ்திரேலியர்கள் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நம்மை நொறுக்கினார்கள். வார்னே இருந்து தோற்றிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு பெருமை இருந்திருக்கும்.

2004 அக்டோபர், மறுபடி சேப்பாக்கம். இப்போது தர்மசங்கடம் வேறு. அதிக டெஸ்ட் விக்கெட் என்ற கணக்கில் முரளிதரன் 532இல் இருந்தார். முரளி யார்? தோட்ட வேலைக்குக் கடல் கடந்து போன தமிழர் வீட்டுப் பிள்ளை, பின்னால் சென்னைக்கு மாப்பிள்ளையானவர். நம்ம வீட்டு வருங்கால மாப்பிள்ளையின் சாதனையை நம்ம மண்ணிலேயே ஒருவன் தாண்டப்போகிறான். கைதட்டுவதா, கல்லெறிவதா? வார்னே இர்ஃபான் பதானை எடுத்துத் தாண்டினார். ஸ்ரீவி கைதட்டியது. ராஜை, ‘முரளி திரும்ப எடுத்துருவான், இப்ப தட்டித் தொலைங்க’ என்று தட்டியது. முரளி அப்படியே 800க்குப் போனார். வார்னே 708இல் நின்றார். ஆழிப்பேரலைக்குப் பிறகு முரளி கூப்பிட்டார் என்று காலிக்குப் போய் நின்றவரும் இதே வார்னேதான். மாப்பிள்ளை முறைக்கு அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

அந்த டெஸ்டில் சேவாக்கும் 155. சேப்பாக்கத்தில் வார்னே ஆடினால் யாராவது 155 அடிக்க வேண்டும் என்று அறநிலையத் துறை கட்டளை போட்டிருக்கிறதோ என்னவோ. வார்னே 125 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். ஜெயிக்க நமக்கு 229 வேண்டும். நாலாம் நாள் முடிவில் விக்கெட் இழப்பில்லாமல் 19. விடிந்தால் ஐப்பசி மழை. ஒரு பந்துகூடப் போடவில்லை. மழை வேண்டிக் காத்திருந்த விவசாயி முகம் மலர்ந்த அதே நாளில் அவர் மகன் டிவி முன்னால் அழுதான். அந்த மேட்சில் ஜெயித்திருக்கப்போவது யார் என்ற வழக்கு எங்கள் டீக்கடையில் இன்னமும் நிலுவையில் இருக்கிறது.

2008இல்தான் உறவு கசந்தது. ஐபிஎல்லில் இருந்ததிலேயே மலிவான அணி ராஜஸ்தான். அதற்குக் கேப்டனும் கோச்சும் அவரே. ஜூன் 1 இறுதி ஆட்டம், எதிரணி சென்னை. கடைசி ஓவர் நம்ம பாலாஜி, கடைசிப் பந்துக்கு ஒரு ரன், களத்தில் தன்வீரும் வார்னேவும். ஓடி எடுத்துவிட்டார்கள். அன்று இரவு இரண்டு ஊரிலும் வார்னேவுக்குக் கிடைத்த வசைகளில் அச்சிடத் தக்கது ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த அணியில் பஸ்ஸுக்கு நேரத்தோடு வராத ஒரு குஜராத்திப் பொடியனை வழியில் இறக்கிவிட்டு ஹோட்டலுக்கு நடந்து வரச் சொன்னதாக வார்னே கதை சொல்வார். ஒழுங்கு போதாது என்று அகாடமியில் பேர் வாங்கியவர் ஒழுங்கு கற்பித்த காட்சி அது. பொடியனுக்கு ‘ராக்ஸ்டார்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெயர் ரவீந்திர ஜடேஜா.

ஓய்வுக்குப் பிறகு மைக்கைப் பிடித்தார். பெனோ வாய் திறக்காமல் இருப்பதையே வர்ணனையின் லட்சணமாக வைத்திருந்தவர். இவருக்கு வாய் மூடினால் மூச்சு முட்டும். ஆனால் கேப்டன் யாரை எங்கே நிறுத்த வேண்டும், அடுத்த பந்து என்ன என்று சொல்லிக்கொண்டே வருவார். பல சமயம் அதுவே நடக்கும். 2011இல் பிக் பாஷ் ஆட்டத்தில் காதில் மைக் மாட்டிக்கொண்டு பந்து போட்டார். மெக்கல்லத்தை எப்படி அவுட்டாக்கப்போகிறேன் என்று வர்ணனையாளர்களிடம் முதலில் சொல்லிவிட்டு, அடுத்து அப்படியே போல்டாக்கினார். ஸ்ரீவி ஜோசியர்கள்கூட நடந்தபிறகுதான் இவ்வளவு துல்லியமாகச் சொல்வார்கள்.

2022 மார்ச் 4, தாய்லாந்தின் கோ சமுய் தீவில் மாரடைப்பு. 52 வயது. அன்று காலைதான் பழைய ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் மறைவுக்கு இரங்கல் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இல்லாத சாவு சாவே இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் கூடி வாசகம் யோசித்தார்கள். ‘சேப்பாக்கம் கொண்டான்’ என்று போடலாம் என்றது ஸ்ரீவி.

“ஏ, சேப்பாக்கத்துல அவரு ஒரு டெஸ்டாச்சும் ஜெயிச்சிருக்காராப்பா?” என்றது ராஜை.

கணக்குப் பார்த்தார்கள். 1998 தோல்வி, 2001 தோல்வி, 2004 மழை. வாசகம் முடிவாகாததால் போஸ்டர் அச்சுக்குப் போகவில்லை. வார்னே மறைந்த அதே நாள் மொகாலியில் தொடங்கிய டெஸ்டில் ஜடேஜா 175 அடித்து அவுட்டாகாமல் நின்று, ஒன்பது விக்கெட்டும் எடுத்தார். 2023 ஐபிஎல் இறுதியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துச் சென்னைக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். 2008 கடன் வட்டியோடு அடைந்தது. 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்கே திருப்பிக் கொடுத்தோம். நாங்கள் யார் சொத்தையும் வைத்துக்கொள்கிறவர்கள் இல்லை.

எதிரணிக்காரனை ஏன் இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடினோம் என்று புது ரசிகர்கள் கேட்கிறார்கள். நம்பியார் இல்லாமல் எம்.ஜி.ஆர். யாரை அடித்திருப்பார்? அந்த 155 எல்லோருக்கும் நினைவிருப்பதற்குக் காரணம், பந்து போட்டது வார்னே என்பதுதான். திரைக்கு வெளியே நம்பியார் சபரிமலை குருசாமி. வார்னே அந்தச் சிரமம்கூட வைத்துக்கொள்ளவில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே வேஷம். இறைவனுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்த்த பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரில், விதியை மீறினான் என்பதற்காக ஒருவனைத் தள்ளிவைக்க முடியாது.

ஆகவே யாராவது உங்களிடம் வந்து சிகரெட், மாத்திரை, ஜான் என்று வார்னேவின் பாவக் கணக்கை வாசித்தால் ஒரே ஒரு கணக்கைத் திருப்பிச் சொல்லுங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து அவருடைய டெஸ்ட் சராசரி 25. இந்தியாவுக்கு எதிராக 14 டெஸ்டில் 43 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் 47 ரன் கொடுத்திருக்கிறார். செய்த பாவத்துக்கெல்லாம் நம்மிடம் வந்து அடி வாங்கித் தீர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை நம் சட்டத்தில் கிடையாது.